காரணம் என்ற கட்டம்

ஜனவரி 11, ஞாயிறு, காலை 7.40. உன் கடிதத்தை இதுவரை மூன்று முறை படித்தாயிற்று. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறாய். எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன்.

அன்புள்ள அக்கா,

நான் நலம். அம்மா தினமும் மாடி ஏறிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். முழங்கால் தேவலை என்று வைத்துக்கொள். நீ, அத்தான், பாப்பா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் பேசினால் நமக்கு நான்காவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, எழுதினால் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டிருந்தே ஆக வேண்டும் என்று நீ எழுதியது சரி. அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் புரிந்தது இது. உன் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, பொட்டலம் கட்டி, ஆவியில் சுத்தம் செய்து அனுப்பும் பிரிவுக்கு நீ பொறுப்பு. பதினாறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது பேர் இருக்கிறீர்கள். இரண்டு வருஷத்தில் சேர்ந்த சின்னஞ்சிறுசுகளில் பதினொரு பேர் போய்விட்டார்கள். ஜூன் முடிவதற்குள் ஆட்கள் நிலைக்காவிட்டால் பிரிவை வெளிக் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் விட்டுவிட்டு, உன்னைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றிவிடுவார்கள். ‘நீயும் சின்னவன்தானே, ஏன் போகிறார்கள் என்று நீயாவது சொல்’ என்று கேட்கிறாய்.

சொல்கிறேன். உன்னால்தான் போகிறார்கள்.

கிழித்துப் போடாமல் மேலே படி. நீ எழுதிய நான்கு பக்கத்திலும் அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இருக்கிறது: பொறுமை இல்லை, சொன்னால் தாங்குவதில்லை, எப்போது பார்த்தாலும் போன். அவர்களில் ஒருவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. எங்கள் கண்ணாடித் தொழிற்சாலையில் ஒரே மெஷினிலிருந்து பதினொரு லென்ஸ் கீறலோடு வந்தால் லென்ஸைத் திட்டமாட்டோம்; மெஷினை நிறுத்திவிட்டுத் திறந்து பார்ப்போம்.

பதினான்கு வருஷத்தில் உன் பிரிவிலிருந்து ஒரு தட்டுகூட ஒரு கத்தரிக்கோல் குறைந்து போனதில்லை. அதை இங்கே பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறேன். அதனால்தான் கோபம் வருகிறது. அந்தப் பிரிவு கண்டவன் கைக்குப் போகக் கூடாது.

இரண்டு கேள்வி. ஒன்று, யாருக்கு என்றைக்கு எந்த ஷிஃப்ட் என்பதை எப்போது அறிவிக்கிறாய்? இரண்டு, கடைசியாகப் போன ஆள் போகும்போது என்ன சொன்னார்?

உன் தம்பி


ஜனவரி 24

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்து ‘பஸ்’ஸை ‘பத்’ என்கிறாள். அம்மாவை மாடி ஏறவிடாதே, செடியைக் கீழே இறக்கு. இன்ஜினியருக்கு இது தோன்றவில்லையா?

‘உன்னால்தான்’ என்ற வரியை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். சிரிப்பை மறைக்க எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். உங்கள் இருவரையும் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

நிர்வாகம் ஒன்றும் செய்யாமல் இல்லை. இளைஞர்களுக்குப் பிடிக்கும் என்று ஓய்வறையில் நீல நிற சோபா போட்டார்கள். சுவரில் ‘நாம் ஒரே குடும்பம்’ என்று பெரிதாக எழுதினார்கள். அந்த சோபாவில் இதுவரை உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் ஷூ லேஸ் கட்ட.

ஷிஃப்ட் அட்டவணையை சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டுவேன். திங்கள் முதல் நடைமுறை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான்.

உன் தொழிற்சாலையில் என்ன செய்கிறீர்கள்? புத்தி சொல்வது சுலபம். செய்ததைச் சொல்.

அக்கா


பிப்ரவரி 1

அன்புள்ள அக்கா,

நலம். செடிகளை இறக்கியாயிற்று. இப்போது அம்மா செடியைப் பார்க்க அல்ல, மாடியைப் பார்க்க மேலே போகிறாள். இதற்கு என்னிடம் தீர்வு இல்லை.

செய்ததைக் கேட்டாய். எங்களிடமும் சோபாவுக்கு ஒரு தம்பி இருந்தது: டேபிள் டென்னிஸ் மேசை. அதன் மேல் இப்போது காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைக்கிறோம். மாற்றம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. லீவு, வருகைப் பதிவு பார்க்கும் குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். அரை நாள் தாமதத்தையும் நறுக்கிவிடுவார் என்பதால் ‘கத்தரி’ என்று பெயர். அவர்தான் ஒரு நாள் லீவு ரிஜிஸ்டரை மேலாளர் மேசையில் தொப்பென்று போட்டார்.

“சார், பாலிஷ் செக்‌ஷன் பையன் ஒருத்தனுக்கு இந்த வருஷம் மட்டும் ஏழு பெரியப்பா செத்திருக்காங்க.”

“பெரிய குடும்பமா இருக்கும்யா.”

“அவங்க அப்பாதான் சார் வீட்டுக்கு மூத்தவரு. பெரியப்பாவே கிடையாது.”

மேலாளர் பையனைக் கூப்பிடு என்றார். கத்தரி நகரவில்லை. “அவனைக் கூப்பிட்டு என்ன சார் பண்றது? நாமதான அவன்கிட்ட சாவு கேட்டோம்? சினிமாவுக்குப் போறேன்னு எழுதினா விடுவோமா? தூங்கணும்னு எழுதினா விடுவோமா? சாவுக்குத்தான் விடுறோம். அவனும் கொண்டாந்து குடுக்குறான். இந்த ஃபாரத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதை எடுத்துடுங்க. ஆறு வார அட்டவணையை முன்னாடியே ஒட்டுங்க. ஏழு நாளுக்கு முன்னாடி சொல்லிட்டு, தன் இடத்துக்கு ஆளையும் சொல்லிட்டான்னா, எங்க போறான்னு நமக்கு எதுக்கு?”

ஒன்பது வருஷமாகப் பொய்களைக் கோப்பில் அடுக்கி அடுக்கி மனிதர் களைத்துப்போயிருந்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. செய்யவில்லை, அன்று நான் பன்னிரண்டு நிமிடம் தாமதம்.

எண்கள் இதோ. மாத லீவு முன்பு நாற்பத்தாறு, இப்போது நாற்பத்தொன்று. காலையில் போன் போட்டுத் திடீரென்று வரவில்லை என்பது முன்பு இருபத்தொன்பது, இப்போது ஆறு. எட்டு மாதத்தில் வேலையை விட்டவர்கள் இருவர்.

இரண்டாவது கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை.

உன் தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

அட்டவணையை இந்த முறை ஒரு மாதத்துக்குச் சேர்த்து ஒட்டினேன். எல்லோரும் சுற்றி நின்று போனில் படம் எடுத்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னவோபோல இருந்தது.

சில சந்தேகம். ஒரே நாளைக்கு மூன்று பேர் லீவு கேட்டால் யாருக்குக் கொடுக்கிறார்கள்? மாற்று ஆள் கிடைக்காவிட்டால்? அவசரச் சிகிச்சை என்று அறுவை அரங்கிலிருந்து அழைப்பு வந்தால் இங்கே ஆள் குறையக் கூடாது. லென்ஸ் நாளைக்குக் காத்திருக்கும், வயிற்றைத் திறந்து படுத்திருப்பவர் காத்திருக்கமாட்டார். இதை உன் கத்தரியிடம் கேட்டு எழுது.

இன்னொன்று. பழைய லீவு விண்ணப்பங்களை அவர் என்ன செய்தார்? கிழித்துவிட்டாரா, வைத்திருக்கிறாரா? எடுத்துப் படித்தாரா?

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்கா,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் கொஞ்சம் இளைத்துப்போயிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்?

கத்தரியின் பதில்: ஒரே நாளுக்கு இரண்டு பேர்தான், முதலில் எழுதியவருக்கு முதலிடம், அந்த வரிசை சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். மூன்றாமவர் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, முதல் இருவரிடம் தானே பேசிக்கொள்ளலாம். அவசரத்துக்கு என்று தினமும் ஒருவரை வீட்டில் தயாராக இருக்கச் சொல்லி, அவருக்கு வேறொரு நாள் ஈடு கொடு. “உங்க அக்கா வேலைக்கு முன்னால நம்ம வேலை தூசு தம்பி. அவங்களுக்குச் சொல்லிக் குடுக்க நான் யாரு?” என்றும் சொன்னார். எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

பழைய விண்ணப்பங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. என்ன கேள்வி இது?

எனக்கு ஒரு செய்தி. பயிற்சிக்கு வந்திருக்கும் ஆறு பேரை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பத்தொன்பது, இருபது வயது. இனி நான் இளைஞன் இல்லை, நிர்வாகம்.

மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். கடைசியாகப் போன ஆள் என்ன சொன்னார்?

உன் தம்பி


மார்ச் 29

அக்கா,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. அத்தானுக்குப் போன் செய்தேன். “நல்லாத்தான் இருக்கா, ஏதோ எழுதுறா, கிழிக்கிறா” என்றார். கிழிக்காமல் அனுப்பு.

அதுவரை என் பெருமையைக் கேள். பயிற்சிக்காரர்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, என்னிடம் என்ன குறை என்று எழுதச் சொன்னேன். பக்கத்திலேயே நின்று பத்து நிமிடம் கொடுத்தேன். ஆறும் வெள்ளைத் தாளாகத் திரும்பி வந்தன. குறை பூஜ்யம்!

அம்மா உன்னைக் கேட்டாள். நலம் என்று சொல்லிவைத்தேன்.

உன் தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவிடம் அதைச் சொல்.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில். கடைசியாகப் போனவள் ஒன்றுமே சொல்லவில்லை.

இருபத்திரண்டு வயது. கொண்டையில் எப்போதும் ஒரு பேனாவைச் செருகியிருப்பாள், அதனால் எங்களுக்கு அவள் ‘பேனா’. நாற்பத்தேழு கருவி உள்ள தட்டை நான் ஆறு நிமிடத்தில் எண்ணி அடுக்குவேன். அவள் ஐந்தரை. எனக்குப் பிறகு இந்தப் பிரிவு அவளுக்கு என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அவளிடம் சொன்னதில்லை.

உன் கத்தரி கதையைப் படித்த மறுநாள் எங்கள் லீவுக் கோப்பை எடுத்தேன். ஒரு வருஷத்தில் அறுபத்து மூன்று விண்ணப்பம். காய்ச்சல், சாவு, வயிற்றுவலி, சாவு, காய்ச்சல். அறுபத்திரண்டில் ‘அனுமதி’ என்று என் கையெழுத்து. ஒன்றில் மட்டும் ‘மறுக்கப்பட்டது’. பேனாவுடையது. காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்: ‘மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு, காலை பத்து முதல் ஒன்று வரை.’

பொய் எழுதிய அத்தனை பேரையும் அனுப்பியிருக்கிறேன். உண்மையை எழுதியவளை நிறுத்தியிருக்கிறேன். “நீ போயிட்டா இங்க யார் எண்ணுறது?” என்று கேட்டேன். அவள் போய்க் கையுறை மாட்டிக்கொண்டாள். அன்று பதினோரு மணிக்கு, அங்கே எல்லோரும் தேர்வு எழுதிக்கொண்டிருந்த நேரம், அவள் அடுக்கிய தட்டில் ஒரு கவ்வி தலைகீழாக இருந்தது. வழக்கம்போல முழுத் தட்டையும் மேசையில் கொட்டினேன். “முதல்லேருந்து எண்ணு.” என்ன தப்பு என்று சொல்லவில்லை. நான் யாருக்கும் சொல்வதில்லை, தானே கண்டுபிடித்தால்தான் மனதில் நிற்கும் என்று. எண்ணினாள். மறுநாளிலிருந்து வரவில்லை. காரணம் கேட்டு மூன்று நோட்டீஸ் அனுப்பினேன், தம்பி. காரணம் என் அலமாரியிலேயே இருந்தது.

போன மாதம் அவளைத் தேடிப் போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே நகல் எடுக்கும் கடையில் வேலை செய்கிறாள்.

“என்ன மேடம், நகல் எடுக்கணுமா?”

“இல்லம்மா, உன்னைப் பாக்கத்தான் வந்தேன்.”

“நாலாவது நோட்டீஸா?”

“மன்னிப்புக் கேக்க.”

“பின்னால ஆள் நிக்கிறாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்.”

தள்ளி நின்றேன். இருபத்தைந்து நிமிடம். கூட்டம் குறைந்ததும் அவளே வந்தாள். “உங்க மன்னிப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? தேர்வு இனி அடுத்த வருஷம்தான்.”

“திரும்பி வான்னு கேக்க வரல. என்கிட்ட என்ன தப்புன்னு சொல்லு. மிச்சமிருக்கிற பிள்ளைங்களுக்காவது திருத்திக்கிறேன்.”

“இப்ப நானும் உங்க தட்டைக் கொட்டிட்டு, நீங்களே கண்டுபிடிங்கன்னு சொல்லலாம்ல?”

“சொல்லலாம்.”

அவள் அப்படிச் சொல்லவில்லை. கொண்டையிலிருந்து பேனாவை உருவி, வீணான தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ஒன்பது வரி எழுதினாள். கையுறை எல்லாம் எட்டாம் நம்பர், எங்கள் கை ஆறரை, நழுவுகிறது. ஒரு வருஷம் ஆனாலும் ‘ஏய் புதுசு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அரங்கிலிருந்து டாக்டர் கத்தினால் சீனியர்கள் போனைச் சின்னவர்கள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சாப்பிடும் நேரம் எது என்று யாருக்கும் தெரியாது. இப்படி. கடைசி வரி, தட்டைக் கொட்டுவது. போனை லாக்கரில் வைக்கும் விதியை எடுத்துவிடட்டுமா என்று நானே கேட்டேன். “ஐயோ, அது இருக்கட்டும் மேடம். அந்த எட்டு மணி நேரம்தான் யாரும் எங்களைத் தொந்தரவு பண்ணமாட்டாங்க” என்றாள். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்று ஒன்பது இடத்தில் எழுதினேனே, ஒன்றாவது சரியா?

அந்தத் தாளை அப்படியே பிரிவின் சுவரில் ஒட்டினேன். கீழே எழுதினேன்: ‘இவை என் தவறுகள். திருத்தியதும் நீங்களே அடித்துவிடுங்கள்.’ கையெழுத்துப் போட்டேன். லீவு விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் இப்போது இல்லை.

அக்கா


ஏப்ரல் 26

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீ நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தைக் கத்தரிக்குப் படித்துக் காட்டினேன். மன்னித்துவிடு, அனுமதி கேட்கவில்லை. ‘இவை என் தவறுகள்’ வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாங்க ஃபாரத்தைத்தான் மாத்தினோம் தம்பி. அவங்க தன்னையே மாத்தியிருக்காங்க” என்றார்.

எனக்கு இப்படியெல்லாம் பேச வராது. எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் மேற்பார்வை செய்பவர்கள் முப்பத்தொரு பேர். ஒரு நகல் கடையில் இருபத்தைந்து நிமிடம் தள்ளி நிற்கக்கூடியவர் எத்தனை பேர் என்று யோசித்தேன். பூஜ்யம். என்னையும் சேர்த்துத்தான்.

சாப்பாட்டு நேரத்தை ஒட்டினாயா?

உன் தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

சுகம். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டது, வாயும் நீண்டுவிட்டது. அம்மாவுக்கு அவள் கிறுக்கிய படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அது யானை. கேட்காமலே சொல்லிவிடு.

சுவரில் உள்ள ஒன்பதில் ஏழு வரியை அடித்திருக்கிறார்கள். கையுறை ஆறரையும் ஏழும் வந்துவிட்டன. டாக்டர் கத்தினால் போனை நான் எடுக்கிறேன். நேற்று ஒருவர் கத்தியபோது, “சொல்லுங்க, என்ன தப்புன்னு சொல்லிட்டே கத்துங்க, குறிச்சுக்கிறேன்” என்றேன். பின்னால் ஐந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தட்டைக் கொட்டும் வரியை இன்னும் யாரும் அடிக்கவில்லை. போன வாரம் ஒரு தட்டைத் தூக்கிவிட்டேன். பாதியில் நிறுத்திக் கீழே வைத்தேன். “மேடம், அது பாதிக் கணக்கு” என்றான் ஒருவன். சரிதான்.

ஏப்ரலிலிருந்து யாரும் போகவில்லை. மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள்; அதில் இருவரை அனுப்பியது பேனா. அவளோடு படித்த பெண்கள். “அங்க இப்ப போகலாம்” என்றாளாம். அவள் வரவில்லை. வரமாட்டாள், படிக்கிறாள்.

வெள்ளிக்கிழமை நிர்வாக அதிகாரி வந்து சுவரில் இருந்ததை நின்று படித்தார். ஒப்பந்தத்தை டிசம்பர்வரை தள்ளி வைத்திருக்கிறோம் என்று நேற்று கடிதம் வந்தது. ரத்து இல்லை, தள்ளிவைப்புதான். கோப்பு அறைக்கு நான் இப்போது போகவேண்டியதில்லை.

இனி உன் விஷயம். ஆறு வெள்ளைத் தாள் வந்தது என்று ஆடினாயே. கையில் கடிகாரத்தோடு தலைமேல் நின்றால் யாருக்கடா எழுத வரும்? என்னிடமிருந்து பதினொரு பேர் போனார்கள். அதற்கு முன்னால் அத்தனை பேரும் எனக்கு வெள்ளைத் தாள்தான் கொடுத்தார்கள்.

அக்கா


ஜூன் 28, காலை 9.05

அன்புள்ள அக்கா,

அம்மாவும் நானும் நலம். யானையைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். முதலில் குக்கர் என்றாள்.

டிசம்பரும் தாண்டும். எனக்குச் சந்தேகம் இல்லை.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் மறுபடி தாள் கொடுத்தேன். இந்த முறை நான் அறையில் இல்லை. கத்தரி வாங்கி, கலைத்து, ஒரு வாரம் வைத்திருந்து கொடுத்தார். பத்தொன்பது வரி. ‘கேள்வியும் கேட்டுவிட்டுப் பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார்’ என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். ‘நாங்கள் பேசும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார்’ என்று மூன்று பேர். ஒருவன், ‘எங்கள் மெஷின் பக்கம் வந்ததே இல்லை, கணினியில் எண்ணைப் பார்த்துவிட்டுத் திட்டுகிறார்.’ எனக்கு ஒரு பட்டப்பெயரும் இருக்கிறதாம்: ஸ்டாப்வாட்ச்.

முதலில் கோபம் வந்தது. எழுத்தை வைத்து யார் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். கத்தரி தாள்களைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு கடைசி வரியிலேயே நின்றுவிட்டேன். மெஷின் பக்கம் வராமல் எண்ணைப் பார்த்துத் திட்டுகிறவன். ஆறு மாதமாக உனக்கு நான் எழுதியது என்ன?

யோசித்து முடித்தாயிற்று. இனிச் செய்யப்போவது:

1. நாளை காலை 8.15-க்கு அந்தப் பத்தொன்பது வரியையும் பயிற்சி அறையில் ஒட்டி, கீழே கையெழுத்துப் போடுவேன். உன் வாசகத்தைத் திருடிக்கொள்கிறேன்.

2. கடிகாரத்தைக் கழற்றி மேசை டிராயரில் வைப்பேன்.

3. ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை வாயைத் திறக்கமாட்டேன். முதல் வாரம் இதில் தோற்பேன். தோற்ற கணக்கை அவர்களே குறித்துக்கொள்ளலாம்.

4. தினமும் முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொரு மெஷினாகப் பக்கத்தில் நிற்பேன். கணினி அதற்குப் பிறகுதான்.

5. ஜூலை 9 அன்று உன் ஊருக்கு வருகிறேன். பதினான்கு வருஷமாக நீ செய்யும் வேலையை ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை, அக்கா. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். நீ ஒரு தட்டை எண்ணி முடிக்கும்வரை.

உன் தம்பி